குனிந்தவரும் குனியவைத்தவரும்



இந்த அறக்கட்டளைப் பேச்சுக்கான அழைப்பிலேயே, சொல்லாய்வுப் பொருளில் பேசவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது ஸ்டூப் என்கிற ஆங்கிலச் சொல். உடம்பை முன்பக்கமாக வளைத்துத் தாழ்வது என்பது அதன் முதற்பொருள். நாம் குனிதல் என்போம். மலேசியாவின் கேமரன் மலையில், கியா பார்மில் நின்று பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப் போகிற சாலையில் இந்த ஊர்ச் சந்தையைக் கடக்கிறவர்கள் கடையையும் பழத்தையும் பார்ப்பார்கள். அதற்குப் பின்னால், சரிவை வெட்டித் தட்டுத் தட்டாகப் போட்ட பாத்திகளில் குனிந்த முதுகுகள் இருக்கின்றன. முட்டைக்கோசு நடுகிறார்கள், களை பிடுங்குகிறார்கள், கீரை அறுக்கிறார்கள். சுங்கை பாலாஸுக்குப் பிரியும் பாதையில் ஏறினால் தேயிலை. அங்கே நிமிர்ந்து செய்யும் வேலையும் உண்டு, குனிந்து செய்யும் வேலையும் உண்டு. யார் எதற்காகக் குனிந்தார்கள், யார் சொல்லிக் குனிந்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. சொல்லில் தொடங்கித் தோட்டத்துக்கு வருகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் ஸ்தூபியன். வளைதல், வணங்குதல் என்று பொருள். இடைக்கால டச்சு மொழியிலும் இதற்கு உறவுச் சொல் உண்டு. நார்வே, சுவீடன் மொழிகளில் இதே வேர் தலைகுப்புற விழுவதைக் குறிக்கிறது. செங்குத்தான சரிவைச் சொல்லும் ஸ்டீப் என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று வேர்ச்சொல் அகராதிகள் காட்டுகின்றன. சரிவும் குனிவும் ஒரு வேரில் பிறந்தவை என்றால் இந்த மலையில் வேலை செய்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். சரிவில் நின்று மேல்வரிசைச் செடிக்குக் கை நீட்டுகிறவர் நேராக நிற்க முடியாது.

பின்னால் பொருள் விரிந்தது. வல்லூறு வானத்திலிருந்து இரையின்மேல் இறக்கையை மடக்கிக்கொண்டு பாய்வதற்கும் ஆங்கிலத்தில் இதுவே சொல். அந்தப் பாய்ச்சலில் பொரி வல்லூறு மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை எட்டும். பாய்கிற பறவைக்கும் பாத்தியில் வளைகிற கிழவிக்கும் அங்கே ஒரே வினைச்சொல். அதோடு ஒழுக்கப் பொருளும் ஏறிக்கொண்டது. தன் தகுதிக்குக் கீழான செயலைச் செய்வதும் ஸ்டூப்தான். ஆலிவர் கோல்ட்ஸ்மித் என்ற நாடகாசிரியர் 1773இல் லண்டன் மேடைக்குக் கொடுத்த புகழ்பெற்ற நகைச்சுவை நாடகத்தின் பெயரிலேயே இச்சொல் இருக்கிறது. செல்வர் வீட்டுப் பெண் ஒருத்தி பணிப்பெண்ணாக நடித்துத் தான் விரும்பியவனை அடைகிறாள். தாழ்ந்து வென்றவள் என்பது தலைப்பின் கருத்து. ஒரு நாளைக்குப் பணிப்பெண்ணாக இருப்பதையே தாழ்வு என்று எண்ணிய சமூகம் அது. வாழ்நாள் முழுவதும் பணிப்பெண்ணாக இருந்தவளைப் பற்றி அந்தத் தலைப்பு ஒன்றும் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் இந்த ஒலியோடு இன்னொரு சொல் இருக்கிறது. நியூயார்க் நகரத்துப் பழைய வீடுகளின் முன்படிக்கட்டுத் திண்ணைக்கும் ஸ்டூப் என்றே பெயர். அது வேறு வேர். டச்சுக்காரர்களின் ஸ்தூப், அதாவது வாசல்படி, அவர்கள் குடியேறிய இடமெல்லாம் போனது. நியூயார்க் முதலில் டச்சுக்காரர் ஊர். இலங்கையின் கரையோரமும் ஒன்றரை நூற்றாண்டு அவர்களிடம் இருந்தது. அங்கே சிங்களத்தில் வீட்டு முன்தாழ்வாரம் இஸ்தோப்புவ ஆயிற்று. அங்குள்ள மலையகத் தமிழர் தங்கள் தோட்டத்து வரிசைவீடான லயத்தின் முன்தாழ்வாரத்தை இஸ்தோப்பு என்கிறார்கள். இங்கே மலாயாத் தோட்டங்களில் நாம் அஞ்சடி என்றோம். கேமரன் மலைத் தேயிலைக்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டு. ஜே. ஏ. ரசல் 1929இல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அவருக்குத் துணையாக வந்த மில்ன் இலங்கையில் தேயிலை பழகியவர். தேயிலையோடு தோட்ட முறையும், லய வரிசையும், மேற்பார்வை முறையும் வந்தன. நாள் முழுவதும் குனிந்தவர்கள் சாயங்காலம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த இடத்துக்கு இலங்கையில் இஸ்தோப்பு என்ற பெயர் வாய்த்ததை எண்ணி நான் நெகிழ்ந்ததுண்டு. இரண்டு சொல்லும் உறவில்லாதவை. நான் உறவு கொண்டாடவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம்.

குனி, வளை, வணங்கு, பணி, தாழ், சாய், கவிழ், இறைஞ்சு, கூன். உடம்பு தாழ்வதற்குத் தமிழில் இத்தனை சொல். இவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குனிதல் ஒன்று, பணிதல் ஒன்று. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். குனிந்தான் என்றால் அவனே வளைந்தான். குனித்தான் என்றால் ஒன்றை வளைத்தான். வில்லைக் குனித்தான் என்பது பழைய வழக்கு. குனித்தல் என்பதற்கு ஆடுதல் என்ற பொருளும் உண்டு. திருவாசகத்தில் இறைவனின் ஆடலைக் குறிக்க இச்சொல் வருகிறது. தில்லைக் கூத்தனின் வளைந்த புருவத்தைச் சொல்லும்போது அப்பரும் இந்தச் சொல்லையே எடுத்தார். தமிழ் குனிவில் இழிவைப் பார்க்கவில்லை. உடம்பின் அழகுகளில் ஒன்றாகத்தான் பார்த்தது.

பணிதல் இன்னும் ஆழமானது. பணிந்தான் என்றால் வணங்கினான். பணித்தான் என்றால் கட்டளையிட்டான். ஓர் எழுத்து மாறியதும் கீழே இருந்தவன் போய் மேலே இருப்பவன் வந்துவிடுகிறான். கட்டளை என்பது பிறரைப் பணிய வைப்பது என்பதை இலக்கணமே சொல்லிவைத்திருக்கிறது. பெயர்ச்சொல்லாகப் பணி என்றால் தொழில், தொண்டு. இந்த மூன்றும், அதாவது வணக்கமும் வேலையும் கட்டளையும், ஒரு வேரில் இருப்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அகராதி பாராமலே அறிவார்கள். தாழ் என்பதும் இப்படித்தான். தாழ்ந்தவர் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தவர்களைத் தாழ்த்தப்பட்டவர் என்று மாற்றிச் சொன்னபோது வினை யாருடையது என்பது வெளியே வந்தது. தாழ்த்தியவர் ஒருவர் இருக்கிறார் என்று அந்தச் சொல் சாட்சி சொல்கிறது.

எல்லாப் பணிவும் நல்லதென்று நம் நூல்கள் சொல்லவில்லை. வள்ளுவர் பெருமை என்ற அதிகாரத்தில் பெருமை உடையவர் எப்போதும் பணிவார் என்கிறார். கூடாநட்பில் அவரே வேறொன்று சொல்கிறார். வில் வளைவது தீங்கு செய்யத்தான். பகைவர் பேச்சில் தெரியும் வணக்கத்தையும் தீங்கின் அறிகுறியாகவே எடுத்துக்கொள் என்கிறார். சீவக சிந்தாமணியில் நெற்பயிர் வளர்வதைத் திருத்தக்கதேவர் பாடும் இடம் ஒன்று உண்டு. கதிர் முற்றுமுன் தலை நிமிர்ந்து நிற்கும் பயிருக்குப் புதுப்பணம் கண்ட சிறியோரையும், முற்றித் தலை சாய்ந்த கதிருக்குக் கற்றவரையும் உவமை சொல்கிறார். நம் மலாய் அண்டை வீட்டாரும் நெல்லைப் போல் இரு, மணி முற்ற முற்றத் தலை சாய்க்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் முன்னால் கடக்கும் மலாய்ப் பிள்ளை வலக்கையைத் தாழ நீட்டி முதுகை வளைத்துக் கடப்பதை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். பார்க்கவே அழகான பழக்கம். அதைச் செய்யும் பிள்ளையிடம் யாரும் எதையும் பறிப்பதில்லை.

விரும்பிக் குனிவதற்கு நம் வீட்டு வாசலிலேயே சான்று இருக்கிறது. மார்கழிக் குளிரில் காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துக் கோலம் போடும் பெண்ணை இந்த மலையிலும் பார்க்கலாம். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறவர் எழும்போது எதையும் இழந்து எழுவதில்லை.

வேலைக்குக் குனிவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அசாம் வகைத் தேயிலையை அதன்போக்கில் விட்டால் முப்பது அடிக்கும் மேல் உயரும் மரம். அதை இடுப்பளவில் மேசைபோலப் படரவைத்திருப்பது மனிதன் வேலை. கை எட்டும் உயரத்தில் கொழுந்து வரவேண்டும் என்பதற்காகவே மரத்தைக் குட்டையாக்கினார்கள். கொழுந்தெடுக்கிறவர் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் அந்த மேசை தானாக நிற்காது. சில ஆண்டுக்கு ஒருமுறை செடியை முழங்கால் அளவுக்கு வெட்டிவிட வேண்டும். கவாத்து என்கிறோமே, அது. கவாத்துக்காரர் நாள் முழுக்கக் குனிந்து, ஒவ்வொரு கிளையையும் சாய்வாக, பிளவுபடாமல் வெட்டவேண்டும். புல் வெட்டுகிறவரும் குனியவேண்டும். உரம் போடுகிறவரும், நாற்று நடுகிறவரும் குனியவேண்டும். படம் எடுக்க வருகிறவர்கள் கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதனால் தேயிலை வேலை என்றால் நின்று பறிக்கிற வேலை என்று உலகம் நினைத்துவிட்டது. இப்போது அந்தப் படமும் பழையதாகிவிட்டது. இருவர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நகர்த்தும் இயந்திரமும் பையோடு கூடிய கத்தரியும்தான் கொழுந்தெடுக்கின்றன.

மலைக்குக் கீழே நம்மவர் பெரும்பாலோர் செய்தது ரப்பர்த் தோட்ட வேலை. பால் வெட்டுகிறவர் பட்டையின் மேற்பகுதியில் வெட்டத் தொடங்குவார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மெல்லிய சீவல் பட்டை போகும். வெட்டு நாளுக்கு நாள் கீழே இறங்கும். புது வெட்டில் நின்றபடி செய்த வேலையை ஆண்டுகள் போனபின் அடிமரத்தில் குந்தியும் குனிந்தும் செய்யவேண்டும். வெட்டு இறங்க இறங்க வெட்டுகிறவரும் இறங்கவேண்டியதுதான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வளைவு. நம் பாட்டிமார் பலர் ஐம்பது வயதிலேயே இடுப்பில் கை ஊன்றித்தான் எழுந்தார்கள். அதை வயதின்மேல் பழிபோட்டு விட்டுவிட்டோம்.

மருத்துவம் இதை அளந்து பார்த்திருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் முதுகெலும்பு வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போதுள்ள அழுத்தத்தை 100 என்று வைத்தால், சற்றே முன்னால் சாய்ந்து நிற்கும்போது ஏறத்தாழ 150. கையில் சுமையும் சேர்ந்தால் 200ஐத் தாண்டுகிறது. சற்றே சாய்ந்ததற்கே இவ்வளவு. பாத்தியில் தரையைத் தொடக் குனிகிறவரின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் இத்தகைய வேலைக்கு ஸ்டூப் லேபர் என்று பெயரே வைத்தார்கள். குனிவேலை என்று சொல்லலாம். கலிபோர்னியாவின் கீரைத் தோட்டங்களிலும் சர்க்கரை பீட் வயல்களிலும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளருக்குக் கொடுத்த கொத்தின் கைப்பிடி இரண்டடிக்கு மேல் இராது. எல் கோர்த்தீத்தோ, குட்டையான், என்று அவர்கள் ஸ்பானிய மொழியில் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதைப் பிடித்தால் குனியாமல் இருக்க முடியாது. நீளக் கைப்பிடி போட்டுக் கொடுங்கள் என்று கேட்டபோது, குட்டையாக இருந்தால்தான் நாற்றைக் கெடுக்காமல் கவனமாகக் களை வெட்டுவார்கள் என்று பண்ணைக்காரர்கள் மறுத்தார்கள். தொழிலாளர்கள் சொன்ன காரணம் வேறு. குட்டைக் கொத்து இருந்தால் வயலோரத்தில் நிற்கும் மேற்பார்வையாளருக்கு யார் வேலை செய்கிறார், யார் செய்யவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். நிமிர்ந்து நிற்கிறவர் வேலை செய்யவில்லை என்று பொருள். பண்ணைத் தொழிலாளர் தலைவர் செசார் சாவேஸும் அந்தக் கொத்தைப் பிடித்து வேலை செய்தவர்தான். தன் முதுகுவலிக்கு அதையே காரணமாகச் சொல்லிவந்தார். 1975இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே குட்டைக் கொத்து தடைசெய்யப்பட்டது. பண்ணைகள் அழிந்துபோகவில்லை. நீளக் கைப்பிடியிலும் களை வெட்ட முடிந்தது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் மண்வெட்டியின் கைப்பிடியும் குட்டைதான். ஆங்கிலேயர் அதை மம்மட்டி என்று தங்கள் அகராதியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் அதைப் பிடித்துப் பழகியவர்கள் இங்கே வந்து மலாய்க்காரரின் சாங்குலைப் பார்த்தார்கள். அதன் பிடி நீளம். இரண்டும் மண்ணைத்தான் வெட்டுகின்றன. எத்தனை விரல்நீளம் கூடுதலாகக் கட்டை செருகினால் ஒரு மனிதனின் முதுகு தப்பும் என்று யோசிக்க நம் பட்டறைகளுக்குத் தெரியாமல் இல்லை. யோசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குனிகிறவர் கேட்கும் நிலையில் இல்லை. கேட்கும் நிலையில் இருந்தவர் குனியவில்லை. தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி வந்தபோது, நின்றபடி தள்ளிச் செல்லும் கோனோ வீடர் களையெடுக்கும் கருவி கூடவே வந்தது. நூற்றாண்டுகளாகப் பெண்கள் சேற்றில் குனிந்து கையால் எடுத்த களை அது. வீட்டிலே இன்னும் துடைப்பம் குட்டையாகத்தான் இருக்கிறது. அதைப் பிடிக்கும் கை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, மரியாதை என்ற பெயரில் குனியவைத்தது. இது வேலைக்குக் குனிந்ததைவிடக் கொடியது என்று நினைக்கிறேன். முதுகுவலி ஒரு தலைமுறையோடு போகும். இது பிள்ளைக்கும் போகும்.

தோட்டத்துக்கு ஆள்சேர்த்த கங்காணியின் பின்னால் மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் ஊரிலேயே குனிந்து பழக்கப்பட்டவர்கள். மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குள் போகவேண்டும், அல்லது இடுப்புக்கு இறங்கவேண்டும். செருப்பு கையில் வரவேண்டும். கடல் தாண்டினால் அது தீரும் என்று நம்பி வந்தார்கள். இங்கே காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை இருந்தார், எழுத்தரான கிராணி இருந்தார், வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் மண்டோரும் இருந்தார்கள். பண்ணையாருக்குக் கொடுத்த சலாமைத் துரைக்குக் கொடுக்கவேண்டியதாயிற்று. தோட்ட நிர்வாகம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஊரில் பழக்கியிருந்த உடம்பை அப்படியே எடுத்துக்கொண்டது. தோட்டக் கொடுமையைப் பேசும்போது நாம் வெள்ளைக்காரனை மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வது சரியல்ல. முதல் குனிவை நாம்தான் நமக்குள் கற்றுக்கொடுத்தோம்.

1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் கப்பலிலிருந்து இறங்கினார். ஈப்போவிலும் மற்ற ஊர்களிலும் சிங்கப்பூரிலும் பேசினார். சுயமரியாதை என்ற சொல் தோட்ட லயங்களுக்கு வந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார். படிக்கத் தெரிந்த ஒருவர் அஞ்சடியில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றிலும் இருந்து கேட்டார்கள். பத்திரிகை படிக்கிற ஒருவர் ஒரு லயத்தில் இருந்தால் போதும், நிர்வாகத்துக்குத் தலைவலி தொடங்கிவிடும்.

1941இல் அது கிள்ளானில் வெடித்தது. தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின்வழித் தொழிலாளரைத் திரட்டினார். போர்க்காலத்தில் ரப்பருக்குத் தேவை ஏறியிருந்தது. கூலி ஏறவில்லை. தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்தால் இன்றும் நெஞ்சு விம்முகிறது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, முறையான மருத்துவம், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடை மூடல், சங்கம் சேரும் உரிமை. இவற்றோடு இன்னொன்று. துரையும் தோட்ட அதிகாரிகளும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற கட்டாயம் போகவேண்டும்.

கூலிக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் சைக்கிள் ஏன் வந்தது? சைக்கிள் தொழிலாளி தன் சேமிப்பில் வாங்கியது. தோட்டம் கொடுத்ததல்ல. அதன்மேல் உட்கார்ந்தால் உயரம் கிடைக்கிறது. சாலையில் வேகம் கிடைக்கிறது. தோட்டத்து எல்லைக்கு வெளியே போய் வர வழி கிடைக்கிறது. அதிலிருந்து இறங்கி, ஓரமாக நின்று, தலையைத் தாழ்த்தி, துரையின் கார் போனபின் ஏறவேண்டும் என்றால், அவன் சம்பாதித்த பொருளும் அவனுடையது இல்லை என்றாகிறது. அந்தக் கோரிக்கையைப் பட்டியலில் எழுதியவர்களுக்குத் தாங்கள் எதைக் கேட்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. குட்டக் குட்டக் குனிகிறவனும் மூடன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மூடன் என்பது நம் பழமொழி. அந்த ஆண்டு குனிகிறவர்கள் நிமிர்ந்தார்கள்.

மே மாதத்தில் நாதனைக் கைதுசெய்து பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். அவரை விடுவிக்கக் கேட்டுத் தொழிலாளர் கூடியபோது படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள்.

இந்த இடத்தில் நம் சீன அண்டை வீட்டாரின் சொல் ஒன்றை நினைவுகூர வேண்டும். பேரரசர் முன்னால் மண்டியிட்டு நெற்றியால் தரையைத் தொடுவதற்குச் சீனத்தில் தலைதட்டல் என்று பெயர். அந்தச் சொல்லை ஆங்கிலம் கௌடௌ என்று எடுத்துக்கொண்டது. 1793இல் ஆங்கில அரசின் தூதராகப் போன மெகார்ட்னி பிரபு அதைச் செய்ய மறுத்தார். தன் அரசருக்குச் செய்வதுபோல் ஒரு முழங்காலை மட்டும் மடக்குவேன் என்றார். தன்மானமுள்ள செயல் என்று அவர் நாட்டு வரலாற்று நூல்கள் அதைப் பாராட்டி எழுதின. சரியான பாராட்டுத்தான். அதே தன்மானம் கிள்ளான் சாலையில் சைக்கிள் மிதித்துப் போன தமிழனுக்கும் உண்டு என்று ஒப்புக்கொள்ள அவர்களால் முடியவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்த மூன்றரை ஆண்டு இந்நாட்டில் வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், தமிழர் எவரானாலும் ஜப்பானியக் காவல்வீரனைக் கடக்கும்போது இடுப்பை வளைத்து வணங்கவேண்டும். வணங்கத் தவறினால் கன்னத்தில் அறை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள், பல்லாயிரவர் திரும்பவில்லை. போர் முடிந்து பழைய துரைமார் திரும்பி வந்தபோது தொழிலாளர் பழைய தொழிலாளராக இல்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கூலிப் பேச்சுக்கு எதிரெதிர் நாற்காலியில் உட்காரும் வழக்கம் ஏற்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பேசினோம் என்பதையே பெரிதாகச் சொன்ன பெரியவர்களை நான் கேட்டிருக்கிறேன். கூலி எத்தனை காசு உயர்ந்தது என்பதை அவர்கள் அப்புறம்தான் சொன்னார்கள்.

இனி இந்த ஊருக்குத் திரும்புகிறேன்.

கியா பார்மைச் சுற்றியுள்ள ஸ்ட்ராபெரித் தோட்டங்களுக்கு மாணவர்கள் போயிருப்பீர்கள். உலகத்தில் பல இடங்களில் ஸ்ட்ராபெரி தரையோடு தரையாகப் படரும் பயிர். பறிப்பவர் இரண்டாய் மடிய வேண்டும். கலிபோர்னியாவில் குனிவேலை என்றால் முதலில் நினைவுக்கு வரும் பயிர்களில் அதுவும் ஒன்று. இங்கே பல தோட்டங்களில் என்ன செய்திருக்கிறார்கள்? பந்தல் போட்டு, இடுப்பளவு உயரத்தில் தாங்கிகள் அமைத்து, அவற்றின்மேல் பைகளிலும் தொட்டிகளிலும் செடியை வைத்திருக்கிறார்கள். சொட்டுநீர்க் குழாய் வழியாக ஊட்டமும் போகிறது. மழைத்தண்ணீர் பழத்தை அழுகவைக்காமல் இருக்கவும், நகரத்திலிருந்து வரும் குடும்பங்கள் சட்டை அழுக்காகாமல் தாமே பறித்து மகிழவும் இந்த ஏற்பாடு. காரணம் எதுவாக இருந்தாலும், அந்தப் பந்தலுக்குள் வேலை செய்கிறவர் நாள் முழுக்க நிமிர்ந்து நிற்கிறார். செடியை மனிதனின் உயரத்துக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். தேயிலை மரத்தை இடுப்புக்கு இறக்கினோம், ஸ்ட்ராபெரியை இடுப்புக்கு ஏற்றினோம். விருந்தாளியின் முதுகுக்காகச் செய்ய முடிந்ததைத் தொழிலாளியின் முதுகுக்காகவும் செய்யலாம். நாற்றங்கால் மேசைகளை உயர்த்தலாம். கொத்துக்கும் களைவெட்டிக்கும் நீளப் பிடி போடலாம். முட்டைக்கோசுப் பாத்தியை மேசைமேல் ஏற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். அங்கே குனிகிறவருக்கு இடையிடையே நிமிர நேரம் கொடுக்கலாம். நிமிர்ந்து நிற்பவரை வேலைசெய்யாதவர் என்று எண்ணாமலிருக்கலாம்.

அந்தப் பாத்தியில் இன்று குனிந்திருப்பவர் யார்? பெரும்பாலும் வங்காளதேசத்து இளைஞர், நேப்பாளத்து இளைஞர், இந்தோனேசியப் பெண், மியன்மாரிலிருந்து வந்தவர். கடன் வாங்கி முகவருக்குக் கட்டி வந்திருக்கிறார்கள். கங்காணியிடம் முன்பணம் வாங்கி வந்த நம் தாத்தாக்களின் கதையிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை. நம்மில் பலர் மேலே வந்துவிட்டோம். ஆசிரியராக, லாரி முதலாளியாக, கடைக்காரராக, மேற்பார்வையாளராக, சிலர் தோட்டக் குத்தகைதாரராகவும் இருக்கிறோம். பணிந்தவர் பிள்ளைகள் பணிப்பவர் ஆகியிருக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் இந்தத் தோட்டங்களின் வழியே வரும்போது சில செய்திகள் காதில் விழுகின்றன. அந்தத் தொழிலாளரை ஏய் என்று அழைக்கிறார்கள். ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி விரட்டுகிறார்கள். முதலாளி வண்டி வந்தால் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். சம்பளக் கவரை எறிகிறார்கள். தொழிலாளி குனிந்து எடுக்கவேண்டியிருக்கிறது. தமிழ் வாயிலிருந்தும் இவை வருகின்றன. அதை இந்த மேடையில் சொல்லாமல் போனால் நான் கிள்ளான் சைக்கிளைப் பற்றிப் பேசியதற்குப் பொருள் இல்லை.

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் தோட்டக்காரர்களையும் மேற்பார்வையாளர்களையும் கடை நடத்துகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் வேலை செய்கிறவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சம்பளத்தைக் கையில் கொடுங்கள். அவர் பிடிக்கும் கொத்தை ஒரு நாள் நீங்கள் பிடித்து ஒரு பாத்தி களை வெட்டிப் பாருங்கள். பிடி குட்டை என்று தோன்றினால் மறுநாளே பிரிஞ்சாங் கடையில் நீளமான கட்டை வாங்கிச் செருகிக் கொடுங்கள். செலவு சில ரிங்கிட்தான்.